உடனிருப்பவர் கையொப்பம்

பேனாவை அட்டையோடு சேர்த்து நூலில் கட்டி வைத்திருந்தார்கள், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். அட்டை யுவராஜின் மடியில் இருந்தது. பேனா நூலில் தொங்கி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பிரவீணா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பத்து ஐந்து. பத்து நிமிஷமாக ஆடுகிறது. ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும், அதுவும் இவன் கையெழுத்து, ஒரு கோடு, ஒரு சுழி, கீழே ரெண்டு புள்ளி, கூரியர்காரர் நீட்டினால் என்ன ஏதென்று பார்க்காமல் போட்டுக் கொடுக்கிறவன், இன்றைக்கு நாலு பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படிக்கிறான். கல்யாணத்துக்கு முந்தி அவள் அனுப்பின மெசேஜைக் கூட இவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டான். படிக்கட்டும். படிக்கிறவனைக் குறை சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல், கையில் ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். ஜெசிந்தா சிஸ்டர் வந்து சொன்னது யாரிடம்? அவனிடம். "சார், மயக்க மருந்து டாக்டர் மெஹர் மேடம் பதினோரு மணிக்குத் தியேட்டருக்குள்ள போயிருவாங்க. பெரிய ஆபரேசன். போனா மூணு மணி நேரத்துக்கு வெளிய வர மாட்டாங்க. வலி தெரியாம இருக்க முதுகு ஊசி வேணும்னா அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க." சார். வயிறு இங்கே இருக்கிறது, வலி இங்கே இருக்கிறது, சார் அங்கே நாற்காலியில் இருக்கிறார். பிரவீணா தன் கையெழுத்தை எப்போதோ போட்டுவிட்டாள், 'நோயாளி' என்று அச்சடித்த இடத்தில். அது போதாதாம். "உங்க கையெழுத்து மட்டும் செல்லாதுங்கம்மா, கூட இருக்கறவங்க போடோணும், இங்க வழக்கம் அப்படித்தான்." வெளியே நடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமும் சிஸ்டர் கேட்டுப் பார்த்தாள். அம்மா என்ன சொன்னாள் என்று வந்து சொன்னபோது சிஸ்டருக்கே முகம் ஒரு மாதிரி இருந்தது. "மாப்பிள்ளை என்ன சொல்றாரோ அப்படின்னுட்டாங்க." தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்று அடம்பிடித்து ஏழாம் மாதமே கூட்டிக்கொண்டு வந்தவள் அம்மா. பொறுப்பு எதில் வந்து முடிந்தது பார்.

வருகிறது. இடுப்புக்குப் பின்னால் எங்கேயோ ஆரம்பித்து முன்னால் சுற்றிக்கொண்டு வருகிறது. ஹைட்ரஜன். ஹீலியம். லித்தியம். அலை வருகிறது, அலையில் மிதக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பிரசவ வகுப்புக்காரி. பிரவீணா கோபியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள். கடலைப் பார்த்ததே ரெண்டு தடவைதான், அவளுக்கு அலையெல்லாம் வராது, தனிமங்கள்தான் வரும். பெரிலியம், போரான், கார்பன். விடிகாலையில் நியான் வரைக்கும் எண்ணுவதற்குள் வலி இறங்கிவிட்டது. வீட்டில் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, குடித்து அரைமணி நேரத்தில் நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் நிஜ வலி என்று அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதெல்லாம் நியான்தான். சோடியம், மெக்னீசியம், அலுமினியம். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்தது. சிலிக்கான், பாஸ்பரஸ், ஐயோ, சல்ஃபர், குளோரின். வலியை அளக்கிற பக்கத்து மெஷினில் எண் எழுபதைத் தாண்டியது, எண்பது, காகிதத்தில் ஊசி மலை வரைகிறது. யுவராஜ் மலையைப் பார்த்தான். "எண்பத்தி ரெண்டு," என்றான். மார்க் சொல்கிற மாதிரி சொன்னான். ஆர்கான். ஆர்கானில் மெல்ல விட்டது. விட்டபோது பிரவீணாவுக்கு வேர்த்திருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. முதலில் அவள் சொன்ன வார்த்தை, "போடுங்க." அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு அவள் எதற்குப் பயந்தாளோ அதைச் செய்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "நீயேதானே பிரவீ டிக் பண்ணின?" என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை, ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாகச் சொன்னான். அந்த அன்பைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போல இருந்தது.

டிக் பண்ணினாள்தான். யார் இல்லையென்றது. ஏழாம் மாதம், இதே ஆஸ்பத்திரியின் மாடியில், எட்டு வயிறுகளும் எட்டுப் புருஷன்களும். வகுப்பு எடுத்த பெண் ஒரு தாள் கொடுத்தாள், அதில் ஐந்து கட்டம். மூச்சுப் பயிற்சி. வெந்நீர் ஒத்தடம். முகமூடியில் வாயு. தொடையில் ஊசி. முதுகில் ஊசி. மூச்சுப் பயிற்சிக்கு நேராக ஒரு நட்சத்திரமும் அச்சடித்திருந்தார்கள், மற்ற நாலுக்கும் கிடையாது. மூன்றாவதைப் பார்த்ததும் பிரவீணாவுக்கு உற்சாகம், நைட்ரஸ் ஆக்சைடுதானே, வருஷா வருஷம் நடத்துகிற பாடமாயிற்றே, கையைத் தூக்கிக் கேட்டாள். "அது நம்மகிட்ட இல்லீங்க மேடம், தாள்ல சும்மா இருக்கு," என்றாள் அந்தப் பெண். சும்மா இருக்கு. பரீட்சைத் தாளில் சும்மா ஒரு விடையை அச்சடித்து வைத்தால் இவள் விடுவாளா? ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். முதல் வரிசைப் பெண் நட்சத்திரத்தில் டிக் அடித்தாள், கை தட்டினார்கள். ரெண்டாவது பெண் அடித்தாள், கை தட்டினார்கள். ஏழு பேருக்கும் தட்டிய பிறகு எட்டாவதாக உட்கார்ந்திருக்கிறவள் எதை அடிப்பாள்? அப்போது வலி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. சாப்பிடாத பண்டத்துக்கு ருசி எழுது என்றால் எழுதிக் கொடுத்தாள், அவ்வளவுதான். யுவராஜ் அதைப் போட்டோ எடுத்தான், ஸ்டேட்டஸில் போட்டான், 'என் வீரத் தாய்' என்று ஒரு வரி, நூற்றுப் பதினேழு பேர் பார்த்தார்கள். அந்தப் போட்டோவைத்தான் இப்போது விரலால் பெரிசு பண்ணிக் காட்டுகிறான், அவளுடைய டிக் நீலமாக, கோணலாக, போன் முழுக்க. இரண்டு மாதத்துக்கு முந்தின பிரவீணாவைக் கூட்டிக்கொண்டு வந்து இப்போதைய பிரவீணாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறான். அவன் மட்டும் மனசு மாறியதே இல்லையாக்கும். ஹோட்டலில் தோசை சொல்லிவிட்டு, பக்கத்து இலையைப் பார்த்துவிட்டு, சர்வரை ஓடவிட்டுப் புரோட்டாவாக மாற்றுகிறவன். கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது மரப்பு ஊசி ஒன்று போதாது, இன்னொன்று போடுங்க டாக்டர் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவன். யாராவது அப்போது போட்டோ எடுத்தார்களா?

"முதுகு வலி வரும்னு போட்டிருக்கு. தலைவலி வரலாம்னு போட்டிருக்கு. ரொம்ப அபூர்வமா காலு..." என்று படித்துக்காட்ட ஆரம்பித்தான். "படிக்காதீங்க," என்றாள். அவளுக்கும் பயம்தான். அதை யார் கேட்டார்கள்? கால் வராமல் போய்விடுமோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ, முதுகெலும்புக்குள் ஒருத்தி ஊசியோடு வருகிறபோது தும்மல் வந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாம் இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கால்மணி நேரம் அவளாகவே யோசித்திருக்கலாம், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அதற்கு எங்கே விட்டார்கள். இவர்கள் வேண்டாம் வேண்டாம் என்றதில் அவள் வேண்டும் வேண்டும் என்று கத்த வேண்டியதாயிற்று, கத்துகிறவளுக்குப் பயப்பட ஏது நேரம். அதுவும் கோபமாக வந்தது. பயப்படுகிற உரிமையைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். பத்து பதினெட்டு. அட்டை அவன் மடியில். முன்பு ஒரு தடவை இதே மாதிரி அட்டை, இதே மாதிரி நூல் கட்டின பேனா, அவள் மடியில் இருந்தது. சட்டென்று ஞாபகம் வந்தது, வந்ததும் உடம்பெல்லாம் சூடானது. மாமனார் சென்னியப்பனுக்கு முட்டி மாற்றினார்களே, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோயம்புத்தூரில். யுவராஜ் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நர்ஸ் அட்டையை இவளிடம் நீட்டினாள். முதுகில் ஊசி போட்டு, மெல்லிசாக ஒரு குழாயும் வைத்து, ரெண்டு நாளைக்கு அது வழியாக மருந்து. இதே முதுகு ஊசி. இதே பக்கங்கள். இதே முதுகு வலி, இதே தலைவலி, இதே அபூர்வம். அவள் படித்தாளா? கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் போட்டாள், 'உறவு' என்ற இடத்தில் மருமகள் என்று எழுதினாள். பேனா ஆடுவதற்குள் முடிந்துவிட்டது. அத்தை பக்கத்திலிருந்து, "சீக்கிரம் போட்டுக் குடு சாமி, பாவம் மனுசன், வலிய எப்படித் தாங்குவாரு," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அன்றைக்கு யாருக்கும் முதுகு ஞாபகம் வரவில்லை. ஆண்பிள்ளை முட்டிக்கு வலி வந்தால் பாவம், இவளுக்கு வந்தால் வீரத் தாய்.

ஹைட்ரஜன், ஹீலியம். இந்தத் தடவை முன்னறிவிப்பே இல்லை. லித்தியம் பெரிலியம் போரான் கார்பன். சிஸ்டர் வந்து இவள் இடுப்பில் கை வைத்து அழுத்தினாள், அந்தக் கை நன்றாக இருந்தது, அந்தக் கை ஒன்றுதான் அந்த அறையில் உருப்படியான காரியம் செய்துகொண்டிருந்தது. நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், எவ்வளவு தூரம், நியான். வயிற்று வலி மிஸ். யார் சொன்னது? சோடியம். வயிற்று வலி மிஸ், லீவு வேணும். அபிராமி. ப்ளஸ் ஒன் பி பிரிவு, மூன்றாவது பெஞ்சு, ரெட்டைச் சடை. மெக்னீசியம் அலுமினியம். போ, இப்போது போய் எதற்கு வருகிறாய். சிலிக்கான். அந்தப் பெண் ஒரு லீவ் லெட்டர் கொண்டுவந்தாள், மாதாமாதம் வருகிற வலி, உட்கார முடியவில்லை என்று எழுதி, கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அபிராமி என்றே போட்டிருந்தாள். அப்பா பெயரைத் திருட்டுத்தனமாகப் போட்டிருந்தாலாவது புரிந்திருக்கும். தன் பெயரையே தைரியமாகப் போட்டிருந்தாள். பாஸ்பரஸ் சல்ஃபர் குளோரின் ஆர்கான். "ஏம்மா, உனக்கு நீயே அப்பாவா?" என்று கேட்டாள் பிரவீணா, வகுப்பே சிரித்தது. "அப்பா லாரில போயிருக்காருங்க மிஸ், அம்மா நைட் மில்லுக்குப் போயிட்டு இப்பத்தான் படுத்தாங்க. வலி எனக்குத்தானுங்களே மிஸ்." பொட்டாசியம். "இந்த வலிக்கெல்லாம் லீவு விட்டா ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்க மாட்டா. போயி உக்காரு." கால்சியம். உட்கார்ந்தாள். நாலு பீரியடும் மேஜையில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே ஹைட்ரோகார்பன் நடத்தினாளே இவள், கரும்பலகையில் படம் எல்லாம் போட்டு. ஸ்கேண்டியம். தொண்டையிலிருந்து என்னமோ ஒரு சத்தம் வந்தது, தன் சத்தம்தான் அது என்று தெரிய ஒரு விநாடி ஆயிற்று. யுவராஜ் எழுந்தேவிட்டான். மெஷின் தொண்ணூற்று நாலு காட்டியது. மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கின பிறகும் கோபம் இறங்கவில்லை, ஆனால் இந்தத் தடவை யார் மேல் என்று கொஞ்சம் குழப்பமாக இருந்தது. சீ, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது, அத்தைதான். ஸ்பீக்கரில் போட்டான். "பொறந்துருச்சா சாமி?" "இன்னும் இல்லம்மா. வலி அதிகமாயிருக்குது. முதுகுல ஊசி போடலாமான்னு கேக்கறாங்க." "அய்யோ, அதெல்லாம் வேண்டாங் கண்ணு. முதுகே போயிரும். நம்ம செல்லமுத்து மருமக போட்டுக்கிட்டு இன்னைக்கும் குனிஞ்சு ஒரு குடம் தூக்க முடியறதில்ல. பொறுத்துக்கச் சொல்லு, பொம்பளைக்கு அந்தத் தெம்பு இருக்குதுன்னுதான் சாமி அவளுக்குக் குடுத்துருக்குது." பிரவீணா கையை நீட்டினாள். எதற்கு என்று தெரியாமலே அவன் போனைக் கொடுத்தான். "அத்தை, மாமாகிட்டக் குடுங்க." "எதுக்குக் கண்ணு, அவரு தோட்டத்துல..." "குடுங்க அத்தை." குரல் எப்படி வந்ததோ, அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு சென்னியப்பனின் மூச்சு. "ஏங் கண்ணு? நல்லா இருக்கறயா?" "மாமா, முட்டி ஆபரேசன் பண்ணினப்ப முதுகுல ஊசி போட்டாங்களே, இப்ப அந்த எடம் வலிக்குதுங்களா?" "முதுகுலயா? முதுகுல எங்க கண்ணு போட்டாங்க? முட்டியிலதான் பண்ணினாங்க." "முதுகுல போட்டாங்க மாமா. நாந்தான் கையெழுத்துப் போட்டேன்." "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லியே. குளுருக்கு முட்டிதான் கொஞ்சம் இழுக்குது, முதுகெல்லாம் ஒண்ணுமில்ல. ஏங் கண்ணு, என்னாச்சு?" "ஒண்ணுமில்லீங் மாமா," என்று சொல்லி வைத்தாள். போட்டதே ஞாபகமில்லை மனுஷனுக்கு. யுவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா உடம்பு வேற பிரவீ," என்றான், "இது கொழந்த விசயம் இல்லியா. நாம ரெண்டு பேரும் சேந்துதானே முடிவு பண்ணினோம், ஞாபகம் இருக்குதா, அன்னைக்கு நீ எவ்வளவு சந்தோசமா..." கை மறுபடி போனுக்குப் போயிற்று, அந்த நீல டிக்குக்கு. பத்து நாற்பத்தொன்று.

வரப்போகிறது, தெரிந்துவிட்டது, அதற்கு முன்னால் ஒரு இருபது விநாடி இருக்கும். பிரவீணா முழங்கையை ஊன்றி எழுந்தாள். ட்ரிப்ஸ் குழாய் இழுத்தது. அவன் மடியிலிருந்து அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டாள், நூலும் பேனாவும் கூடவே வந்தன. "என்ன பண்ற?" என்றான், ஆனால் பிடிக்கவில்லை. அதையாவது செய்யாமல் இருந்தானே. கடைசிப் பக்கம். 'உடனிருப்பவர் கையொப்பம்'. எழுதும்போதே ஹைட்ரஜன் ஆரம்பித்துவிட்டது, பிரவீணா என்பதில் ணாவின் கால் கட்டத்துக்கு வெளியே ஓடியது. அதற்குக் கீழே 'நோயாளிக்கு உறவு'. ஹீலியம். அபிராமி இதைத்தான் சொன்னாள், வேறு வார்த்தையில் சொன்னாள், வகுப்பு சிரித்தது. லித்தியம். 'நானே' என்று எழுதினாள். எழுதிவிட்டு அட்டையை ஜெசிந்தா சிஸ்டரிடம் நீட்டினாள், பிறகு எழுத்தும் தெரியவில்லை, அறையும் தெரியவில்லை, டைட்டானியம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சை உடுப்பில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள், தலையில் துணித் தொப்பி, அதற்குள் அடங்காத நரை முடி. மெஹர் மேடம். அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அவள் காதருகே, "மேடம், கூட இருக்கறவங்க கையெழுத்து வந்து..." என்று ஆரம்பித்தாள். "இருக்கே," என்றாள் டாக்டர். பிரவீணாவைப் பார்த்தாள். "இதுல என்னென்ன பிரச்சினை வரலாம்னு படிச்சீங்களாம்மா? கேக்க ஏதாவது இருக்கா?" காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. "கால் திரும்பி வருமா?" என்று கேட்டாள் பிரவீணா. "வரும். ஒரு சில மணி நேரம் கனமா இருக்கும், வந்துரும்." "தும்மல் வந்தா?" "சொல்லுங்க, நிறுத்திக்கறேன்." அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. "அந்தக் கட்டம்," என்றாள் பிரவீணா, "கூட இருக்கறவங்க போடணும்னு சொன்னாங்க." டாக்டர் கையுறையை உதறினாள். "அது ஆஸ்பத்திரி பழக்கம். புத்தி தெளிவா இருக்கற மனுசி கேட்டா எனக்கு அவங்க கையெழுத்துப் போதும். முதல்லயே கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே." போதும். முதலிலேயே போதும். ஆடின பேனா, படித்த நாலு பக்கம், அம்மா, அத்தை, மோட்டார், ஒன்றுமே தேவைப்பட்டிருக்கவில்லை. இத்தனை நேரமும் சும்மா. கோபத்தில் பிரவீணாவுக்கு அழுகை வந்தது. யுவராஜ் அதை வலி என்று நினைத்துக் கையை நீட்டினான். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்தாள்.

முதுகில் ஸ்பிரிட் சில்லென்று பட்டது. சுருக்கென்றது. பிறகு ஒரு அழுத்தம், குழாயை ஒட்டுகிற பிளாஸ்திரியின் சத்தம். ஒரு வலி முழுசாக வந்து போயிற்று. அடுத்தது பாதி வந்தது. அதற்கடுத்ததில் ஹைட்ரஜன், ஹீலியம் என்று தொடங்கிக் காத்திருந்தாள், லித்தியத்தில் நின்றுகொண்டு காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. மெஷினைப் பார்த்தாள். ஊசி மலை வரைந்துகொண்டிருந்தது, எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. அவ்வளவு பெரிய மலை காகிதத்தில் ஏறி இறங்கிப் போயிற்று, இவள் இந்தப் பக்கம் படுத்து வேடிக்கை பார்த்தாள். கால் கனமாக, சூடாக, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பிள்ளையின் இதயம் அதே வேகத்தில் லப்பு டப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. தாகமாக இருந்தது. கோபம் மட்டும் ஒரு இம்மியும் மரத்துப்போகவில்லை. வலியோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்று இவர்கள் நினைத்திருந்தால், பாவம். யுவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். நெற்றி வேர்வையைத் துடைத்தான், தன் நெற்றியைத்தான். "அப்பாடா," என்றான். "இப்ப எப்படி இருக்குது பிரவீ? நல்ல வேளை, நேரத்துக்குப் போட்டாச்சு. நான் ரொம்பப் பயந்துட்டேன்." அவன் முகத்தில் நிஜமான நிம்மதி இருந்தது, அதுவும் தெரிந்தது, அதற்காக மனசு இளகுமா என்று பார்த்தாள், இளகவில்லை. அட்டை கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. அவன் அம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்தான். "என்னங்க," என்றாள். "சொல்லும்மா." "அந்தக் கடைசிப் பக்கம். அதையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க." அவன் அட்டையை எடுத்துத் திருப்பினான். போனைத் தூக்கிப் பிடித்தான். கையொப்பத்தைப் படித்தான், அதற்குக் கீழே இருந்ததைப் படித்தான். போன் மெதுவாகக் கீழே இறங்கியது. "எடுங்க," என்றாள் பிரவீணா.